மேசைக் காலுக்குப் பின்னால் இருந்த சப்பாத்து

தமிழ்ப்பள்ளிகளைப் பற்றி இந்த நாட்டில் யாராவது சண்டை பிடிக்கும்போதெல்லாம் உன் அக்காவின் கால்கள் வெளியே வந்துவிடுகின்றன. வெறும் கால்கள். பத்து வயதுக் கால்கள். இடது முழங்காலுக்குக் கீழே கொசுக்கடியைச் சொறிந்து சொறிந்து கறுத்த ஒரு தழும்பு இருக்கும். அந்தத் தழும்பை வைத்துத்தான் எந்த நாளிதழில், எந்தக் கைப்பேசியில், எவ்வளவு சின்னதாக வந்தாலும் நான் அடையாளம் கண்டுபிடிக்கிறேன். முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வருவதில்லை.

மகனே, நீ இப்போதுதான் ஒன்றாம் ஆண்டுக்குப் போயிருக்கிறாய். இதைப் படிக்கிற வயது வரும்போது அந்தப் படம் உன் கைக்கும் வந்துவிடும். அதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும். நான் மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டவன். ஈப்போவில் ஓடுகள் அடுக்கி வைக்கும் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். எழுத்தில் தவறு இருந்தால் அக்காவிடம் கேட்டுத் திருத்திக்கொள். அவளும் படிக்கலாம். அவளுக்குத் தெரியாதது இதில் ஒன்றும் இல்லை.

நம் பள்ளி செமோரைத் தாண்டி, பழைய தோட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது. ரப்பர் பால்மரமெல்லாம் எப்போதோ போய்விட்டது. பாதி செம்பனை, பாதி தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை இடித்துவிட்டார்கள், பள்ளியை இடிக்கவில்லை. நானும் அங்கேதான் படித்தேன். உன் அக்கா நாலாம் ஆண்டு படித்தபோது நான் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் துணைத் தலைவர். வேறு யாரும் கை தூக்காததால் கிடைத்த பதவி.

அந்தப் பள்ளியில் ஒரே ஒரு குறைதான் இருந்தது. நாலாம் ஆண்டு வகுப்பின் கூரைக் கட்டையில் கறையான். மழை பெய்தால் பின்வரிசையில் ஒழுகும். மற்றபடி சிவப்புச் சிமெண்டுத் தரை முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பாக இருக்கும். நூலகம் இருந்தது. ஆசிரியர்கள் ஒவ்வொரு பிள்ளையையும் வீட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். வகுப்புக்குப் பத்துப் பேர் இருந்தால் தனியார் பள்ளியில் அதற்குப் பெயர் தனிக்கவனம். எங்கள் பள்ளியில் அதே பத்துப் பேருக்குக் 'கூராங் முரிட்', மாணவர் குறைந்த பள்ளி, என்று அரசாங்கத் தாளில் பெயர்.

கூரைக்காகக் கல்வி இலாகாவுக்கு மூன்று கடிதம் எழுதினோம். பதில் இல்லை. நாலாவது கடிதத்துக்காகத் தலைவர் வீட்டில் கூடினோம். தலைவர் சிம்பாங் பூலாயில் லாரிப் பட்டறை வைத்திருப்பவர். கெட்டவர் இல்லை. தன் பிள்ளைகள் மூன்று பேரையும் இதே பள்ளியில் படிக்க வைத்தவர்.

நான் எழுதி வைத்திருந்ததை வாங்கிப் படித்துவிட்டு அவர் மேசையில் போட்டார்.

"ஒழுகுதுன்னு எழுதுனா எவன் தம்பி படிப்பான்? ஒழுகாத வீடு எங்க இருக்கு. டாயிஃப்னு போடு. அந்தச் சொல்லப் பாத்தாதான் மேல உள்ளவனுக்குக் குத்தும்."

டாயிஃப் என்பது மலாய்ச் சொல். பாழடைந்தது, நாதியற்றது, இரண்டையும் ஒன்றாகச் சொன்னால் எப்படி இருக்குமோ அப்படி.

"நம்ம பள்ளி அப்படி ஒன்னும் மோசமில்லையே அண்ணே," என்றேன்.

"மோசமில்லன்னா ஆக்கிட வேண்டியதுதான். ஒரு சனிக்கெழம வேல லா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் தோட்டத்தில் மேலிடத்து ஆட்கள் லயத்தைப் பார்க்க வரும் நாளில் நல்லதையெல்லாம் ஒளித்து வைப்பார்கள். புது வானொலிப் பெட்டி கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய்விடும். திருவிழாச் சட்டை பாய்க்குள் போய்விடும். நல்லதைக் கண்டால் இவனுக்கு எதற்கு இன்னும் என்று நினைத்துவிடுவார்களாம். எனக்கு ஏழு வயது இருக்கும். என் அப்பா என்னைச் சட்டையைக் கழற்றி வாசலில் நிற்கச் சொன்னார். தார் ரோட்டில் ஜீப்பு நின்றது. ஓர் ஆள் இறங்கி என் விலா எலும்பைப் பார்த்துவிட்டுத் தாளில் ஏதோ எழுதிக்கொண்டு போனார். அடுத்த மாதம் எங்கள் வரிசைக்குப் புதுக் கூரைத் தகரம் வந்தது. லயமே என் விலாவைப் பற்றி ஒரு வாரம் பேசிச் சிரித்தது. அதனால் எனக்கு அது பிழை என்று தோன்றவில்லை. அது ஒரு வேலை செய்யும் முறை. தகரம் வந்ததே.

சனிக்கிழமை எட்டு மணிக்குக் கோத்தோங் ரோயோங் என்று சொல்லி ஆட்களைச் சேர்த்தோம். எல்லாப் பள்ளியிலும் கூடிச் சுத்தம் செய்வார்கள். நாங்கள் கூடி அழுக்காக்கினோம். கொட்டகையில் எறிந்து வைத்திருந்த கறையான் தின்ற மேசைகளைத் தூக்கி வகுப்புக்குள் போட்டோம். நல்ல மேசைகளை நூலகத்தில் அடுக்கினோம். சுவரில் பிள்ளைகள் ஒட்டிய வண்ணத் தாள்களை உரித்தோம். மழை இல்லாததால் ஒருவர் வாளியில் தண்ணீர் மொண்டு தரையில் ஊற்றினார். தலைமையாசிரியை முதல் நாளே, "நாளைக்கு நான் ஊர்ல இல்ல, எனக்கு ஒன்னும் தெரியாது," என்று சொல்லியிருந்தார்.

படம் எடுக்க வந்தவர் கல்யாணப் படக்காரர். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் வெளிச்சம் பார்ப்பது போலவே ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்தார். பிள்ளைகள் மூன்று பேர் வேண்டும் என்றார். துணைத் தலைவரின் பிள்ளை வராமல் யார் பிள்ளை வரும்? உன் அக்காவை உட்கார வைத்தார்கள். அவர் கேமராவுக்குள் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"சப்பாத்து புதுசா பளபளன்னு இருக்கே அண்ணே. படத்த கெடுக்குது."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் உன் அக்காவிடம் போய்க் குனிந்தேன்.

"சப்பாத்த கழட்டும்மா."

"ஏன்ப்பா? பள்ளிக்குச் சப்பாத்து போடணும்ல?"

"படம் நல்லா வரும்மா. கொஞ்ச நேரந்தான்."

அவள் கழற்றினாள். காலுறைகளை உருட்டி ஒன்றை இதற்குள்ளும் ஒன்றை அதற்குள்ளும் வைத்து, சப்பாத்து இரண்டையும் சேர்த்து மேசைக் காலுக்குப் பின்னால் ஒழுங்காக வைத்தாள். உன் அம்மா பழக்கிய ஒழுங்கு அது. பிறகு ஈரத் தரையில் காலை வைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். சிரிக்கக் கூடாது என்றார் படக்காரர். சிரிக்காமல் ஒன்று எடுத்தார்.

அந்த ஒன்றுதான் கடிதத்தோடு நாளிதழில் வந்தது.

முதல் வாரம் எங்களுக்குப் பெருமையாக இருந்தது. கூரை வரும் என்று இரண்டு கட்சிக்காரர்கள் தனித்தனியே வந்து சொன்னார்கள். கூரையின் கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் படம் எங்கள் கையை விட்டுப் போய்விட்டது. ஒருவர் அதைக் காட்டி, "இப்படித்தான் நம் இனத்தைப் புறக்கணிக்கிறார்கள்," என்றார். இன்னொருவர் அதையே காட்டி, "இந்த மாதிரிப் பள்ளிகளில் பிள்ளைகளை அடைத்து வைத்து அவர்கள் எதிர்காலத்தைக் கெடுக்கிறார்கள், மூடிவிடுங்கள்," என்றார். தமிழ்ப்பள்ளி நம் தாய் என்று ஒருவர் மேடையில் அழுதார். அவர் பிள்ளைகள் யாரும் அந்தத் தாயிடம் பால் குடித்தவர்கள் இல்லை. கூரை மட்டும் வரவில்லை.

அந்த ஆண்டுக் கடைசியில், புதிதாகப் பிள்ளைகளைச் சேர்க்கத் தாமான் பக்கம் வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டில் ஓர் அம்மா கேட் வரைக்கும் வந்தார். எந்தப் பள்ளி என்று கேட்டார். சொன்னேன்.

"ஐயோ அந்த டாயிஃப் பள்ளியா? வேண்டாம் அண்ணே. எம்புள்ளைய அங்க போட மாட்டேன் லா."

"யாரு சொன்னது டாயிஃப்னு?"

"யாரு சொல்லணும்? இங்க பாருங்க." கைப்பேசியைத் தேய்த்து எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். "பாவம் இந்தப் புள்ள. பெத்தவன் ஒரு சப்பாத்து வாங்கிக் குடுக்க மாட்டானா?"

"சரிக்கா, வாரேன்," என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கும் போகாமல் மோட்டாரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

உன் அக்கா ஆறாம் ஆண்டு முடித்து ஒன்றாம் படிவத்துக்குப் போனாள். பெரிய இடைநிலைப்பள்ளி. எல்லா இனத்துப் பிள்ளைகளும் இருக்கும் இடம். அவளுக்கு மலாய் நன்றாக வரும், நாங்கள் பயப்படவில்லை. மார்ச் மாதத்துக்குப் பிறகு அவள் கோவிலுக்கு வருவதை நிறுத்தினாள். வெள்ளிக்கிழமை ஆனால் வயிற்று வலி, வீட்டுப்பாடம், தலைக்குக் குளிக்கவில்லை. வயசுக்கு வந்த பிள்ளை, சாமியை மறந்துவிட்டாள் என்று நான் திட்டினேன். உன் அம்மாதான் கவனித்தாள், அவள் வீட்டுக்குள்ளும் காலுறை போட்டுக்கொண்டு திரிகிறாள் என்று. வெயில் கொளுத்துகிற மதியத்திலும் காலுறை. கோவிலில் காலைத் திறந்து காட்ட வேண்டுமே, அதனால்தான் வரவில்லை.

அம்மா உட்கார வைத்துக் கேட்டபோது சொன்னாள். வகுப்பில் ஒருத்தி அந்தப் படத்தை எங்கிருந்தோ எடுத்துவிட்டாள். மலாயில் வெறுங்காலோடு நடப்பதைக் 'காக்கி ஆயாம்' என்பார்கள், கோழிக்கால். அதுவே அவள் பெயராகிவிட்டது. அவள் நடந்து போனால் பின்னால் இருந்து கொக்கரிப்பார்களாம். நம் பிள்ளைகளும் கொக்கரித்தார்களாம்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"ஒங்ககிட்ட என்னா சொல்றது? நீங்கதானேப்பா கழட்டச் சொன்னீங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சோறு போடவா என்று கேட்பது போலச் சொன்னாள். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது, என் பிள்ளை என் முன்னால் காலுறை இல்லாமல் உட்கார வேண்டும். கூரையெல்லாம் அப்புறம்.

அந்த நேரத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைவர் நம் வீட்டுக்கு வந்தார். நீ பாலர் பள்ளியில் இருந்தாய், அவர் மடியில் ஏறி உட்கார்ந்தாய். உன்னை அடுத்த ஆண்டு நம் பள்ளியில் போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றாம் ஆண்டே இருக்காது என்றார். பிறகு ஈப்போவில் தமிழ்ப்பள்ளிகளைப் பற்றி ஒரு கருத்தரங்கு நடக்கப்போவதாகச் சொன்னார். புறக்கணிப்பு என்றவரும் மூடச் சொன்னவரும் ஒரே மேடையில்.

"பாப்பாவையும் கூட்டிக்கிட்டு வா தம்பி. அந்தப் படத்துல இருந்த புள்ள இன்னிக்கு இப்படி இருக்குன்னு மேடையில நிறுத்துவோம். கைதட்டு பிச்சிக்கும்."

உன் அக்கா அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"சப்பாத்தோட வரவா மாமா, இல்ல சப்பாத்து இல்லாம வரவா?"

தலைவர் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததால் தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார்.

நான் தனியாகப் போனேன். மண்டபம் நிறைய ஆட்கள், வாசலில் மீஹூன் சேமியாப் பொட்டலம். மேடைக்குப் பின்னால் உன் அக்காவின் படம் ஒரு லாரி அளவுக்கு. முகம், முழங்கால், தழும்பு. அதன் கீழே இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். எல்லாம் சொல்லைப் பற்றித்தான். டாயிஃப் என்பது நம்மை அவமானப்படுத்துகிற சொல், இனிமேல் புறக்கணிக்கப்பட்ட பள்ளி என்றுதான் சொல்ல வேண்டும் என்றார் ஒருவர். பெயரை மாற்றினால் பள்ளி மாறிவிடுமா, பின்தங்கிய பள்ளியைப் பின்தங்கிய பள்ளி என்றுதான் சொல்ல வேண்டும் என்றார் மற்றவர். அந்தச் சொல்லை முதலில் யார் சொன்னது என்று ஒருவரையொருவர் குற்றம் சாட்டினார்கள். முதலில் எழுதிய காகிதம் தலைவர் வீட்டு மேசையில் கிடந்ததை நான் பார்த்தவன். இரண்டு பேரும் பேசும்போது கையை நீட்டி நீட்டிக் காட்டியது அந்தக் கால்களைத்தான்.

கேள்வி நேரத்தில் எழுந்தேன். ஒலிவாங்கி என் கைக்கு வந்தது.

"அந்தப் புள்ளைக்குச் சப்பாத்து இருந்துச்சி," என்றேன். "எடது பக்கம், மேசக் காலுக்குப் பின்னால பாருங்க. கறுப்பா நுனி தெரியும். கழட்டச் சொன்னது நாந்தான். நான் அந்தப் புள்ளையோட அப்பா. பள்ளிக்கூடம் அப்படி இல்ல. கூரையில ஓர் ஓரம் ஒழுகுது, அவ்வளவுதான். மேச, தண்ணி எல்லாம் நாங்க கொண்டாந்து போட்டது."

கணினியில் உட்கார்ந்திருந்தவன் என்ன நினைத்தானோ, படத்தின் அந்த மூலையைப் பெரிதாக்கினான். மூன்று ஆண்டாக யார் கண்ணிலும் படாத சப்பாத்து நுனி, தெளிவாக, உருட்டி வைத்த காலுறையோடு வந்து நின்றது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"பார்த்தீர்களா, எல்லாம் நாடகம்," என்றார் மூடச் சொன்னவர்.

"இந்த நண்பரை யார் அனுப்பி வைத்தது என்று எனக்குத் தெரியும்," என்றார் மற்றவர்.

"அண்ணே, கேள்வி மட்டும் கேளுங்க அண்ணே," என்று நெறியாளர் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்.

படிக்கட்டில் தலைவர் காத்துக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது.

"ஒழுகுற கூரையையும் சேத்துப் பிச்சிட்டியே தம்பி," என்றார். அடுத்த கூட்டத்துக்கு எனக்கு அழைப்பு வரவில்லை.

நான் பேசியதை யாரோ எடுத்துப் பரப்பியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து உன் அக்காவிடம் காட்டினேன். உண்மையைச் சொல்லிவிட்டேன், இனி யாரும் உன்னைப் பேச முடியாது என்ற நினைப்பு எனக்கு. அவள் கடைசி வரைக்கும் பார்த்தாள். சப்பாத்து பெரிதாக வந்த இடத்தில் ஒரு தடவை நிறுத்திப் பார்த்தாள்.

"அடங்கிப் போயிருந்துச்சிப்பா," என்றாள். "இப்ப எல்லாருக்கும் மறுபடியும் படத்தக் காட்டிட்டீங்க."

அது அப்படித்தான் ஆனது. டாயிஃப் பள்ளிக்கு இப்போது நாடகப் பள்ளி என்று இன்னொரு பெயரும் சேர்ந்தது. கூரையைப் பற்றி நான் சொன்ன ஒரு வரியை மட்டும் வெட்டிவிட்டுப் பரப்பினார்கள்.

உன்னை எங்கே சேர்ப்பது என்று வீட்டில் பேச்சு வந்தது. உன் அம்மா வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் தேசியப் பள்ளி என்றாள். எனக்கு அதில் பேச உரிமை இல்லை என்று நினைத்தேன். உன் அக்காதான் சொன்னாள்.

"அங்கயே போடுங்கம்மா. நல்ல பள்ளிதான் அது. ஒழுகுற எடத்துல நாங்க வாளி வெச்சிருந்தோம், ரெண்டு பேரு மாத்தி மாத்தி ஊத்துவோம். ஜாலியா இருக்கும்." கொஞ்ச நேரம் கழித்து, "சப்பாத்து வாங்க நான் வருவேன்," என்றாள்.

கடையில் நான் உனக்கு ஒட்டிப் பிரிக்கிற சப்பாத்தை எடுத்தேன். சின்னப் பிள்ளைக்கு அதுதான் சுலபம். அவள் அதை வாங்கித் தட்டில் திருப்பி வைத்துவிட்டுக் கயிறு கட்டுகிறதை எடுத்தாள்.

"அவனுக்குக் கட்டத் தெரியாதும்மா," என்றேன்.

"நான் கட்டி விடுறேன்."

முதல் நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். புதிதாக வந்த ஏழு பேருக்கும் மாலை போட்டார்கள். உன் அக்கா இரண்டாம் படிவம், அவளுக்கு மதியப் பள்ளி, அதனால் காலையில் நம்மோடு வந்தாள். வெள்ளைச் சீருடை, சப்பாத்து, காலுறை. புத்தகப்பை கொடுக்க ஆட்கள் வந்திருந்தார்கள். பின்னால் துணி கட்டியிருந்தது, வசதி குறைந்த மாணவர்களுக்கு அன்பளிப்பு என்று. நான் அந்த எழுத்தைப் படித்தேன், உன் அக்காவும் படித்தாள். அதே கல்யாணப் படக்காரர் கேமராவோடு நின்றார். தலைவர் என்னைப் பார்க்காத மாதிரி பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தார்.

படக்காரர் குனிந்து உங்கள் ஏழு பேரையும் பார்த்தார். "சிரிக்காம நில்லுங்க தம்பிங்களா," என்றார்.

உன் அக்கா வரிசைக்குள் போனாள். உன் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து உன் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தாள். மறுபடி இழுத்துக் கட்டினாள். ஒரு முடிச்சு. அதன் மேல் இன்னொன்று. அதன் மேல் இன்னொன்று.

"வலிக்குதுக்கா," என்றாய்.

"வலிக்கட்டும்," என்றாள்.

படக்காரர் அவள் நகர்வாள் என்று காத்திருந்தார். நான் அவளுக்கு உதவலாம் என்று ஓரடி முன்னால் வைத்தேன். அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"அப்பா, நீங்க வேலிப் பக்கம் போயி நில்லுங்க."

போய் நின்றேன். அங்கிருந்து உன் கால்கள் தெரியவில்லை. அவள் முதுகுதான் தெரிந்தது.